கழிமுகத்தில் நான் திறந்த வாய்

எனக்குப் பேச வராது. பஸ்ஸில் என் ஸ்டாப் தாண்டினால்கூட கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள். அப்படிப்பட்டவன் மகளுக்குச் சம்பந்தம் பேசப் போனால் எப்படி இருக்கும்?

மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பூர்வீகம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில், கொழிஞ்சாம்பாறைதான். வேலைக்காகக் கடற்கரைக்குப் போனவர் அங்கேயே வீடு கட்டிவிட்டார். பெண் பார்க்க அவர்கள் எங்கள் ஊர் சித்தூருக்கு வந்தபோது, நான் கைகூப்பியதோடு சரி. "பொண்ணோட அப்பாவுக்கு இஷ்டமில்லீங்களா?" என்று அவர் தரகரிடம் கேட்டாராம். அதனால் பதிலுக்கு நாங்கள் அவர் வீடு பார்க்கப் போன அன்று, பஸ்ஸிலேயே மனைவி எச்சரித்தாள்.

"ஏனுங்க, இன்னைக்காச்சும் வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசுங்க. இல்லீன்னா இந்த எடம் கையை விட்டுப் போயிரும்."

சாப்பாடு முடிந்தது. நான் பேசவில்லை. அவருக்குப் பறவைப் படம் எடுக்கிற பைத்தியம். எங்களைத் தோணியில் ஏற்றி, புழை கடலில் சேருகிற கழிமுகத்துக்கு அழைத்துப் போனார். பறவைகளுக்கென்றே ஒதுக்கி வைத்த இடம்.

"மிண்டல்லே" என்றார் தோணிக்காரர். (பேசாதீர்கள் என்று அர்த்தம். அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.)

கண்டல் மர வேர்களுக்கிடையே சிவப்பு நண்டுகள் ஓடின. சேற்றில் மீன் துள்ளி நடந்தது. எங்கள் சித்தூர்ப் புழைத் தண்ணீர் பாரதப்புழையில் கலந்து இங்கேதான் வந்து சேருகிறதாம். இத்தனை வருடம் அந்தத் தண்ணீரில் நெல் விளைவித்தவன், அது போய்ச் சேருகிற இடத்தை அன்றுதான் பார்த்தேன்.

தண்ணீர் வற்றிய திட்டில் புல் பச்சையாக நின்றது. அசல் எங்கள் வயல்.

"இப்ப உள்ளான் குருவிக் கூட்டம் எறங்கும் பாருங்க. இதுக்குத்தானுங்க ஞாயித்துக்கிழமை தவறாம வர்றேன்" என்று கிசுகிசுத்துவிட்டு அவர் கேமராவைத் தூக்கினார்.

இறங்கியது. மேகம் மாதிரி, ஆயிரக்கணக்கில் குருவிகள். ஊரில் கதிர் பால் பிடித்திருந்த நேரம் அது. காலையும் மாலையும் எனக்குக் குருவி விரட்டுவதுதான் வேலை. என்னைக் கேட்காமலே கை தோளில் கிடந்த துண்டை உருவியது. எழுந்து நின்றுவிட்டேன்.

"ஊஊஊய்! ஆஆஆய்! போ! போ!"

தோணி ஆடியது. திட்டு காலி. அக்கரைக் கொக்குகள்கூடக் கிளம்பிவிட்டன. (என் வயலில் இவ்வளவு நன்றாக ஒருநாளும் நடந்ததில்லை.)

"நாலு வார்த்தைன்னு நான் இதையா சொன்னேன்?" என்றாள் மனைவி, தலையில் கைவைத்து.

தண்ணீரில் குதித்துவிடலாமா என்று பார்த்தேன். நண்டுகள் இருந்தன. அவர் கேமராவை இறக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே நினைத்தேன்.

"இத்தனை சத்தத்த உள்ள வெச்சுக்கிட்டுத்தான் வாயே தொறக்காம இருந்தீங்களா, சம்பந்தி?"

சம்பந்தி! மனைவி தலையிலிருந்து கையை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பறவைகளும் திரும்பி வந்தன. அதற்குள் துண்டு அவள் மடிக்குப் போயிருந்தது.

இப்போது மகள் வீட்டுக் கூடத்தில் பெரிய படம் ஒன்று தொங்குகிறது. வானம் முழுக்கப் பறவைகள். ஓரத்தில் மங்கலாக என் துண்டின் முனை. வருகிறவர்களுக்கெல்லாம் சம்பந்தி அதைக் காட்டுவார்.

"எங்க சம்பந்தி எங்கிட்டப் பேசுன மொத வார்த்தைங்க, இது."

நான் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல ஒன்றும் பேசாமல், காபியைக் குடிப்பேன்.