பேஸை அடக்கிய படலம்

"அந்தத் தும் தும்னு அதிருற பேஸ் பாட்டையே முழுங்குது சார்! பாடுற பொண்ணு கிணத்துக்குள்ள இருந்து கத்துற மாதிரி இருக்கு. சாயங்காலம் நானே வந்து கேக்குறேன். அப்பவும் இப்படியே இருந்தா, அரங்கேற்றத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்குவேன்."

நடனக் குழுத் தலைவி தொலைபேசியை வைத்துவிட்டார். மின்னிசை அமைப்பாளன் இடிந்துபோனான். பிறந்தநாள் விழாக்களுக்கே இசை போட்டுப் போட்டு அலுத்தவனுக்கு, முதன்முதலாக மேடை வாய்த்திருக்கிறது. அந்த வாழ்வைப் பறிக்க வந்தது பேஸ் என்றால், பேஸை விட்டுவைக்கலாமா?

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். பாட்டை ஓடவிட்டான். கணினித் திரையை அணைத்தான். அது அவன் கொள்கை! திரையில் துள்ளும் கோடுகளைப் பார்த்து ஒலி கலப்பவன், கண்ணுக்கு அடிமைப்பட்டவன். காது ஆள வேண்டும். கண் விலகி நிற்க வேண்டும். கைக்கு, கணினியோடு சேர்ந்த குமிழ்ப் பெட்டி ஒன்று போதும்: பேஸுக்கு ஒரு குமிழ், தாளத்துக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று.

பேஸ் குமிழை இம்மியளவு இறக்கினான். மனைவியை அழைத்தான்.

"இப்பச் சொல்லு."

"பேஸ் நல்லாக் கொறஞ்சிருக்குங்க. ஆனா குரல்தான் இப்பக் காதைக் கிழிக்குது."

குரலை இறக்கினான். பக்கத்து அறையிலிருந்து மாமனாரின் கண்டனம் பறந்து வந்தது.

"மாப்ளே, நல்லாப் பாடிக்கிட்டிருந்த பொண்ணு கழுத்தை ஏன் நெரிச்சீங்க?"

"பேஸ் எப்படி மாமா?"

"அது செத்தே போச்சு!"

இரண்டையும் உயர்த்தினான். மனைவி இரு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிருது! எங்கப்பா பேச்சைக் கேட்டா இப்படித்தான். டிவியையே தெருவுக்குக் கேக்குற மாதிரி வைக்கிறவரு."

"என் காதுக்கு என்னடி குறைச்சல்? உன் புருஷன் குமிழைத் தொட்ட மறு நொடியே எனக்குத் தெரிஞ்சுடுது!"

"அப்ப நான் செவிடா?"

வீடு இரண்டாகப் பிளந்தது. மகள் குரலுக்கு உரிமை கேட்டாள். தந்தை பேஸுக்கு நீதி கேட்டார். தாளம் நாதியற்றுக் கிடந்தது. ஒரு குமிழ் திரும்பினால் ஒரு கட்சி வெளிநடப்புச் செய்தது. மறு குமிழ் திரும்பினால் மறு கட்சி மறியல் செய்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக் கவனிக்கவும் நாதியில்லை.

விடுமுறைக்கு வந்திருந்த மனைவியின் தங்கை மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் சோபாவில் படுத்துக் கிடந்தாள்.

"நீயாவது ஒரு நியாயத்தைச் சொல்லும்மா," என்று கெஞ்சினான் அவன்.

"எனக்கு எல்லாமே ஒண்ணாத்தான் மாமா கேக்குது."

"காதா அது, கருவேப்பிலைக் கொத்தா!" என்றார் தந்தை.

"சின்ன வயசுலேருந்தே இவளுக்கு ரசனை கிடையாதுப்பா," என்றாள் அக்காள். அன்று இரு கட்சிகளும் ஒன்றுபட்ட ஒரே தீர்மானம் அதுதான்.

வாசல் மணி அடித்தது. தலைவி வந்துவிட்டார்! அமைப்பாளன் குமிழ்ப் பெட்டிக்குத் தாவினான். கடைசி முயற்சியாக எல்லாக் குமிழ்களையும் நட்டநடுவில் நிறுத்தினான். ஒலிகளுக்குள் உயர்வில்லை, தாழ்வில்லை. எல்லோருக்கும் சம உரிமை! வாழ்ந்தால் அப்படி வாழ்வோம், வீழ்ந்தால் அப்படி வீழ்வோம் என்று பாட்டை முதலிலிருந்து போட்டான்.

தலைவி கண்களை மூடிக் கேட்டார். தலை மெல்ல ஆடியது. பிறகு விரல்கள் ஆடின. பாட்டு முடிந்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"இதைத்தான் சார் நான் கேட்டேன்! காலையில அனுப்பினதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பேஸ் எப்படி அடங்கிப் போச்சு பாருங்க! அரங்கேற்றம் உங்களோடதுதான்."

"குரலைப் பத்தி நான்தான் சொன்னேன்," என்றாள் மனைவி.

"பேஸைக் காப்பாத்தினது யாரு?" என்று மார்தட்டினார் மாமனார்.

அமைப்பாளன் நெஞ்சை நிமிர்த்தினான். "நாள் முழுக்கக் காதைத் தீட்டின உழைப்பு மேடம் இது! கண்ணை நம்பாம, காதை மட்டுமே நம்பினேன்."

தங்கை சோபாவிலிருந்து சோம்பல் முறித்தபடி எழுந்து வந்தாள்.

"மாமா, என் போன் ஃபுல்லாச் சார்ஜ் ஏறிடுச்சு. காலையில நீங்க முகம் கழுவப் போனப்ப உங்க குமிழ்ப் பெட்டியிலேருந்து உருவின ஒயரை இப்பத் திருப்பிச் சொருகிடவா?"