நோண்டாஸ் டிக்கி திறந்த படலம்

வாழி, எபமினோண்டாஸ்! வோலோஸ் துறைமுகத்துக் கிரேன்களை முப்பதாண்டு ஆட்டிவைத்து ஓய்ந்த பெருந்தோளனே, வெண்மீசை வேந்தே, ஒரு கீறலும் காணாத நீலச் சிறுகாரின் தனிப்பெருந்தலைவனே, வாழி! ஊரார் உன்னைச் சுருக்கி நோண்டாஸ் என்பர். பெயரில்தான் நோண்டா; கைக்கெட்டிய எதையும் நீ நோண்டாமல் விட்டதில்லை என்பதை உன் இல்லாள் அறிவாள், அக்குவேறு ஆணிவேறாகக் கிடக்கும் அவளது தையல் மெஷினும் அறியும்.

அன்று காலை காபிக் கடையினின்று புறப்பட்டான் நம் தலைவன். பின்னே தன் வெள்ளைக் காரில் வந்தான் அனெஸ்திஸ், தோழருள் தோழன், நாற்பதாண்டுக்கு முன் நோண்டாஸின் தலையில் மணமுடியை மாற்றி வைத்துத் திருமணம் முடித்த கும்பாரோ. அவ்வூரில் அது உடன்பிறப்பினும் ஒரு படி மேலான உறவு. பதினோராண்டுக்கு முன், "ஒரு தட்டுகூடப் படாத வண்டி, கும்பாரே!" என்று நீலக்காரை விற்றவனும் அவனே. புனித நிக்கோலாவின் கோயில் வந்தது. பக்தியிற் சிறந்த நோண்டாஸ் சிலுவைக்குறி இடுவதற்காகச் சட்டென்று வண்டியை நிறுத்தினான். பக்தியில் அவனுக்குச் சற்றும் சளைக்காத அனெஸ்திஸ், அதே சிலுவைக்குறிக்காக ஸ்டீயரிங்கை விட்டுக் கண்ணையும் மூடினான். மும்முறை இடுவது மரபு. இரண்டாவதிலேயே இடித்துவிட்டான்.

பம்பரில் விரலகலக் கீறல் ஒன்று, அவ்வளவே. வேறொருவனாயின் எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் மறுநாள் விடிந்தால் நோண்டாஸின் ஒரே மகள் அஸ்பசியா, பீலியோன் மலையூர்ப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர, இதே காரில் கொண்டையூசி வளைவுகளைத் தனியாக ஏறப்போகிறாள். வெளியே வழவழவென்றிருக்கும் பின்புறம் உள்ளே எந்த முறிவை ஒளித்திருக்கிறதோ என்று அப்பன் நெஞ்சு அடித்துக்கொண்டது. சிரிக்காதீர்கள், அந்தப் பயம் மெய்யானது.

நடுச்சாலையில் நின்று நம் தலைவன் வஞ்சினம் உரைத்தான்: "வயித்துல அடிபட்டவன் சிரிச்சுக்கிட்டேதான் நடப்பான், கும்பாரே! உள்ள பாக்காம இந்த இடத்தை விட்டு ஒரு அடி நகரமாட்டேன்!"

அனெஸ்திஸின் முகம் ஆட்டுப்பாலாய் வெளுத்தது. "புது பம்பர் மாட்டித் தர்றேன். பெயின்ட் அடிச்சுத் தர்றேன். நட்பு உடன்பாட்டுத் தாளைக் குடு, தப்பு என்னோடதுன்னு இப்பவே கையெழுத்துப் போடறேன். டிக்கியை மட்டும் நோண்டாதே!" மோதிய இருவரும் சண்டையின்றி நிரப்பும் தாளுக்கு அங்கே அப்படியொரு பெயர். இடித்தவன் இத்தனை தாராளமாய்ப் பேசி அந்நகரம் அதுவரை கண்டதில்லை.

கேட்பானா நோண்டாஸ்? சலவைச் சட்டையோடு சாலையில் மல்லாந்தான். புகைக்குழாயைப் பற்றி ஆட்டினான், அது அசையவில்லை. டிக்கி மூடிக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை இடப்புறமும் வலப்புறமும் விரல்விட்டு அளந்தான், வலப்புறம் அரை விரல் குறைந்தது. பின்னே திரண்டு நின்ற வாகனச்சேனை ஹாரன் முரசறைந்தது. "தாத்தா, காருக்குப் பொறந்தநாளா? கேக்கை ஓரமாப் போய் வெட்டுங்க!" என்று பஸ் ஓட்டுநன் ஒருவன் தலைநீட்டிக் கூவினான்.

அப்போது எடுத்தான் ஐயா தன் பேராயுதத்தை! டாஷ்போர்டில் ஒட்டியிருந்த, முதுகில் காந்தம் பதித்த, தீப்பெட்டியளவுப் புனித நிக்கோலாவின் தகட்டுப்படம் அது. இரும்பிருக்கும் இடத்தில் புனிதர் நிற்பார். பட்டி பூசி மழுப்பிய இடத்தில் நிற்கமாட்டார். இடப்பக்கம் வைத்தான், நின்றார். டிக்கி மூடியில் வைத்தான், நின்றார். வலது பின்மூலையில் வைத்தான், வழுக்கிக் கீழே விழுந்தார். துடைத்து மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தார். பாக்கியிருந்த மூன்றாவது சிலுவைக்குறியை அனெஸ்திஸ் அப்போது இட்டுக்கொண்டான்.

டிக்கி திறந்தது. பாய் பறந்தது. ஸ்டெப்னி உருண்டது. அந்தக் குழியில் இன்றைய அடியின் சுவடு எதுவுமில்லை; கசங்கிய பழைய தகடும், உள்ளங்கைத் தடிமனுக்குப் பட்டியும், துருவும், துருவின் நடுவே ஒரு துளையும் இருந்தன. துளை வழியே தார்ச்சாலை தெரிந்தது.

"உனக்கு விக்கிறதுக்கு முந்தி, இதே கோயில் முன்னாடிதான், கும்பாரே," என்றான் அனெஸ்திஸ், தரையைப் பார்த்தபடி. "பின்னாடி வந்தவன் சிலுவை போட்டுக்கிட்டு இருந்தான். சொன்னா நீ வாங்கமாட்டேன்னு சொல்லல."

"என் தலையில முடி மாத்தி வெச்ச கைடா இது! நாளைக்கு என் பொண்ணு இதுல மலையேற இருந்தாடா!"

பஸ்கூட ஹாரனை நிறுத்திவிட்டது. அனெஸ்திஸ் அழுதான், நடிப்பில்லை, மூக்கு ஒழுக அழுதான். பிறகு தன் வெள்ளைக்காரின் சாவியை எடுத்து, நோண்டாஸின் உள்ளங்கையில் கிடந்த புனிதருக்குப் பக்கத்தில் வைத்தான். நோண்டாஸ் நேரே போய் வெள்ளைக்காரின் நான்கு பக்கமும் புனிதரை ஒட்டிப் பார்த்தான். எல்லா இடத்திலும் நின்றார்.

ஆயினும் சினம் தணிந்ததோ? நாற்பதாண்டு நட்பெனும் மதில் அத்துளை வழியே சரிந்ததோ? மணமுடி மாற்றிய கையை மணமுடி தாங்கிய தலை இனி வணங்குமோ, வெட்டுமோ? கடல் அறியாது கலங்கியது, பீலியோன் மலை முகிலால் முகம் மூடியது, வோலோஸ் மாநகர் மூச்சடக்கி நின்றது!

மறுநாள் அஸ்பசியா வெள்ளைக்காரில் வேலைக்குப் போனாள். கிழவர்கள் இரண்டு பேரும் பஸ் பிடித்துக் காபி குடிக்கப் போனார்கள்.