பொட்டு வைத்த பாவ்

முப்பது ஆண்டுகள் அறிவியல் ஆசிரியராக இருந்தவனால் வாயை மூடிக்கொண்டு ஒரு பலகாரம்கூட வாங்க முடியாது. அந்த நோயால் என் மகளின் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தவன் நான்.

நாள் குறிக்க, சுங்கை சோ என்ற ஊரில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு நானும் மனைவியும் கிளம்பினோம். புரட்டாசி மாதம். மகன் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா மாதம் முழுவதும் சைவ விரதம். வழியில் கோலா சிலாங்கூர் சீனர் கடையில் பயறு பாவ் வாங்க இறங்கினேன். (பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த வெள்ளை உருண்டை, இட்லிக்குத் தூரத்துச் சொந்தம்.)

எதில் என்ன இருக்கிறது என்று கடைக்கார அம்மாள் மலாயில் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. ஆவியில் வெந்த உணவின் மகிமையை மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். சில பாவ்களின் உச்சியில் சிவப்புப் பொட்டு இருந்தது. சுபகாரியத்துக்குப் போகிறவன் பொட்டில்லாததையா எடுப்பான்? பத்தும் பொட்டு வைத்ததாகவே பொறுக்கினேன்.

மாப்பிள்ளை வீட்டில் சம்பந்தியம்மா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். "எண்ணெய் சொட்டுகூடக் கிடையாதுங்க. மாவுச்சத்து, பயற்றுப் புரதம்..." என்று பாடம் நடத்தியபடி நானும் கடித்தேன்.

கோழி.

"ருசியா இருக்கே! உள்ள என்னாங்க, பயறு மாதிரி இல்லியே?"

"சோயாங்க," என்றேன். (இன்றும் நினைத்தால் கூசுகிறது.) அவர் இரண்டாவதையும் எடுத்தார். மனைவி என் காலை மிதித்தாள்.

"கல்யாணப் பந்தி சைவந்தானே? இந்த சோயா பாவையே முந்நூறு சொல்லிடலாம் லா!" என்றார் சம்பந்தியம்மா, எங்கள் ஊர் 'லா'வை இழுத்து.

முந்நூறு பேர் வரிசையாக உட்கார்ந்து கோழி தின்பது கண்முன் வந்தது. எழுந்து நின்றேன்.

"அம்மா, அது கோழி. கோழின்னு அடையாளத்துக்கு வச்ச பொட்டைப் பார்த்து மங்களம்னு எடுத்துட்டேன். சோயான்னு சொன்னது பொய்."

அவர் உள்ளே போய், வாய் கொப்பளித்து, தலை முழுகிவிட்டு வந்தார்.

"தெரியாம வாங்கினது போகட்டும். தெரிஞ்சே ரெண்டாவதையும் தின்ன விட்டீங்களே சம்பந்தி, அதான் மனசு ஆறல."

கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். நாள் குறித்தார், ஒரு நிபந்தனையோடு: அந்த வீட்டுக்கு இனி நான் எதைக் கொண்டுவந்தாலும், எல்லார் முன்னிலையிலும் முதலில் நானே தின்று காட்ட வேண்டும்.

பத்து ஆண்டுகளாகின்றன. மாம்பழம், முறுக்கு, பிறந்தநாள் கேக் என எல்லாம் தின்று காட்டியாயிற்று. போன வாரம் கோயில் விபூதிப் பொட்டலத்தோடு போனேன். பேத்தி வாசலிலேயே மறித்தாள்.

"தாத்தா, தின்னு காட்டுங்க லா!"

சம்பந்தியம்மா தடுப்பார் என்று உள்ளே பார்த்தேன். அவர் என் தொண்டை அடைக்காமலிருக்க ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து நின்றார்.