சிரிப்பாணி மைனியின் லேகிய ஜாடி

தூத்துக்குடியில் கஞ்சாக் கடைக்குள் தலை நிமிர்ந்து நுழைந்த ஒரே பெண்பிள்ளை எங்கள் சிரிப்பாணி மைனிதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அது சர்க்கார் லைசென்ஸ் பெற்ற கடை. ஆம்பிளைகளே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். மைனி பட்டப்பகலில், பிச்சிப்பூ வைத்து, கையில் தூக்குவாளியோடு போவாள். "என்ன அண்ணாச்சி, சொகமா இருக்கியளா? இங்கன வந்தது வீட்டுல அக்காவுக்குத் தெரியுமா?" என்று வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரையும் விசாரிப்பாள். வரிசை கரைந்துவிடும்.

சிரிப்பாணி என்றால் எங்கள் பக்கத்தில் சிரிப்பு; மைனி என்றால் அண்ணி. அவளுடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. புருஷன் தோணியை நடத்திப்போகிற தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவார் என்று காற்றைத்தான் கேட்க வேண்டும். மைனி தனியாக இருந்து லேகியம் கிண்டுவாள். கஞ்சா இலையைப் பாலில் வேகவைத்து, நெய்யில் வதக்கி, சுக்கு, மிளகு, கசகசா சேர்த்துக் கருப்பட்டிப் பாகில் இறக்குவாள். மாதாந்திர வலி, பிள்ளை பெற்ற உடம்பு நோவு, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் பெண்கள் அவளுடைய கொல்லை வாசலுக்குத்தான் வருவார்கள். ஆளுக்குச் சுண்டைக்காய் அளவு. கூடக் கேட்டால், "ஏளா, இது பலகாரமில்ல" என்பாள். விற்கமாட்டாள். ஆண்களுக்குத் தரவும்மாட்டாள்.

விளக்கு வைத்ததும் தன் பங்கைப் போட்டுக்கொள்வாள். அப்புறம் சிரிப்புதான். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்கச் சாயர்புரத்திலிருந்து வந்திருந்தார்கள். பையன் காபி குடிக்கமாட்டான், சினிமா பார்க்கமாட்டான், யாரோடும் பேசமாட்டான் என்று அப்பாக்காரர் பெருமையை அடுக்கினார். மைனி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, "அப்ப கல்யாணம் மட்டும் எதுக்கு அண்ணாச்சி?" என்றாள். சம்பந்தம் நின்றுபோனது. அந்தப் பெண் அதற்குப் பிறகு மைனியை விட்டு நகரவே இல்லை.

நான் அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், மாதவிலக்கு வலியில் பாயில் சுருண்டு கிடந்தேன். என் மாமியார் சிரித்துப் பார்த்தவர்கள் யாருமில்லை. "பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும். நாங்கள்லாம் பல்லைக் கடிச்சிட்டுக் கெடக்கலையா?" என்றாள். கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் வந்த மைனி, என் வாயில் எதையோ திணித்துவிட்டுப் போனாள். வலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

பிறகு எவனோ கலால் ஆபீசில் போட்டுக்கொடுத்தான். ஒரு மத்தியானம் கஞ்சாக் கடைக்காரரே ஓடிவந்தார். "மைனி, இன்ஸ்பெக்டர் வாரான். அளவுக்கு மேல வச்சிருந்தா ஜெயிலுதான்."

அன்றைக்குத்தான் புதிதாகக் கிண்டி ஜாடியை நிறைத்திருந்தாள். சத்தம் கேட்டுப் பெண்களெல்லாம் கூடிவிட்டோம். சாக்கடையில் கொட்டச் சொன்னோம். மைனி ஜாடியைக் கட்டிக்கொண்டு நின்றாள். "மனசு வரலைளா" என்றாள். அன்றுதான் அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன்.

என்னைத் திட்டி இழுத்துப்போக வந்த என் மாமியார் ஜாடியையே பார்த்தாள். "கொட்டுவானேன்? கொண்டா" என்று எலுமிச்சங்காய் அளவு அள்ளி வாயில் போட்டாள். அப்புறம் யாரும் தயங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தபோது ஜாடியைக் கழுவிக் கவிழ்த்திருந்தோம். இளவயசுக்காரர்.

"இதுல என்ன இருந்துச்சு?"

"லேகியம்" என்றாள் மாமியார்.

"எங்க?"

"தின்னுட்டோம்."

"எல்லாரும் சேர்ந்து திங்கிற அளவுக்கு என்ன வியாதி?"

"பொம்பளையாப் பொறந்த வியாதி."

அவர் அரிசிப்பானை வரைக்கும் கைவிட்டுத் தேடினார். தேடத் தேட எங்களுக்கு ஏற ஆரம்பித்தது. முதலில் யாரோ அவருடைய பூட்ஸைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு வீடே சிரித்தது. மனிதர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், அந்தத் தெருப்பக்கம் மறுபடி வரவே இல்லை.

வீட்டுக்கு வந்தும் மாமியார் சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் மடியில் தலையை வைத்து அழுதாள். "எனக்கும் வலிச்சிச்சுளா. யார்ட்ட போய்ச் சொல்ல?" நான் அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு என்னை அவள் பல்லைக் கடிக்கச் சொன்னதில்லை.

கொஞ்ச காலத்தில் அந்தக் கஞ்சாக் கடையை மூடிவிட்டார்கள். அதோடு லேகியமும் நின்றது. மைனியின் சிரிப்பு குறைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். முதல் பேறுகாலத்தில் பிள்ளையும் தங்காமல், இடுப்பும் விட்டுப்போனவள் என்று மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊரின் வலியெல்லாம் தெரிந்தவளின் வலியை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சாயங்காலமானால் மாமியார் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவாள். பின்னாலேயே நான், அந்தச் சாயர்புரத்துச் சம்பந்தம் நின்ற பெண், இன்னும் நாலைந்து பேர். ஒத்தடம் கொடுக்கக் கொடுக்க மைனி குப்புறப் படுத்தபடியே, "ஏளா, ஒங்களுக்கெல்லாம் வீடு வாசல் கெடையாதா?" என்பாள்.

இருந்தது. ஆனால் யாரும் எழுந்திருக்கமாட்டோம்.