ஒரு லிட்டர் விழிப்பு

உலகில் ஏமாறுவார் உண்டு, ஏமாற்றுவார் உண்டு. இவ்விரு கூட்டத்திற்கும் புறம்பாக மூன்றாவதோர் இனம் உண்டு. அதற்கு ‘ஏமாறாதார்’ என்று பெயரிடுவோம். வாசக அன்பரே, இவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கி, வாங்கிய பின்னும் வழிநெடுகத் தட்டிக்கொண்டே வீடு சேர்பவர். ரயிலில் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தும் உறங்காதவர். சன்னதியில் கண்மூடி நிற்கும்போதும் திருநீறு கொடுக்கும் கையை ஓரக்கண்ணால் அளப்பவர். மும்மலங்களை எண்ணிச் சொன்ன ஆன்றோர், விழிப்பு என்னும் நான்காம் மலத்தை எப்படித்தான் விட்டார்களோ!

கோவில்பட்டித் தீப்பெட்டி முதலாளி தங்கப்பாண்டியன் இவ்வினத்துக்குத் திலகம். அவர் மகளுக்குப் பினாங்கில் நல்ல இடம் தகைந்தது. புதியம்புத்தூரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பம். மாப்பிள்ளை வீட்டில் வெற்றிலை மாற்றிப் பேச்சை உறுதி செய்துவர, மனைவி மீனாட்சியம்மாளோடு கப்பலேறினார்.

ஏறுமுன் பருத்திக்கடை நண்பர் ஒருவர் எச்சரித்திருந்தார். அயல்நாட்டுப் பெட்ரோல் பம்புகளில் முள்ளைப் பூச்சியத்துக்குத் திருப்பாமலே அடிப்பானாம்; ஒருவன் கண்ணாடியைத் துடைத்துப் பேச்சுக் கொடுக்க, மற்றவன் குழாயைப் பாதியில் நிறுத்துவானாம்; ஆகவே இறங்கி நின்று பூச்சியத்தைப் பார்த்த பிறகே அடிக்கச் சொல்ல வேண்டுமாம். நல்ல அறிவுரை. எவரும் இதோடு நின்றிருப்பார். ஏமாறாதார் நிற்பாரா? அந்த முள்ளையே யார் நம்புவது? சம்பந்திக்கென வாங்கிய பட்டுக்கு நடுவே, அரசு முத்திரை குத்திய மண்ணெண்ணெய் லிட்டர்ப் படியொன்றும் தகரப் புனலொன்றும் கடல் கடந்தன.

குறித்த நாள் வந்தது. பினாங்கிலேயே குடியேறிவிட்ட மைத்துனர் சோலைராஜ் தம் காரில் இருவரையும் அழைத்துச் சென்றார். இராகுகாலம் பிறக்குமுன் விளக்கேற்றியாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு அடுத்த தெருவில் பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினார். பம்புக்காரர் புன்னகையோடு கண்ணாடியைத் துடைக்கலானார். போதாதா?

“துடைக்குதான் பாத்தியா, மாப்ளே.”

“தெரிஞ்ச பம்பு அத்தான். நேரமாகுது.”

“தெரிஞ்சவன்தாம்லே ஏமாத்துவான். தெரியாதவன்ட்ட நாமதான் உஷாரா இருப்பமே.”

படி வெளிவந்தது. பம்புக்காரர் கைகூப்பாத குறையாக மறுத்தும் பயனில்லை. வானவர் கண் இமையார் என்பது நூல்வழக்கு. அன்று தங்கப்பாண்டியனும் இமைக்கவில்லை. வெண்பட்டுச் சட்டையும் சரிகை வேட்டியுமாகக் குனிந்து, படிக்கு நேரே மூக்கை வைத்து நின்றார். மண்ணெண்ணெய் நூலாக ஒழுகும். அவர் அறிந்தது அவ்வளவே. இதுவோ பீறிட்டுப் படியின் அடியில் மோதி, குற்றாலத்து அருவி மேல்நோக்கி எழுந்தாற்போல் முகமும் மார்பும் மடியும் நனைத்தது. கண்ணைத் துடைக்குமுன் அவர் கேட்டது, சிந்தியது யார் கணக்கு என்பதே.

வீட்டுக்குத் திரும்பி உடை மாற்றலாம் என்று மீனாட்சியம்மாள் மன்றாடினார். நேரமில்லை என்றார், நேரத்தை அளந்து தீர்த்தவர். தீக்குச்சி மருந்து வாடையிலேயே பழகிய மூக்குக்குப் பெட்ரோல் பன்னீர்தானே!

மாப்பிள்ளை வீட்டு வாசலில் உண்மைப் பன்னீரும் சந்தனமும் வாடையைச் சற்றே மறைத்தன. மாப்பிள்ளையின் தாய் முத்துமாரியம்மாள், சம்பந்தியைப் பெருமைப்படுத்த எண்ணி, அவருடைய தொழிற்சாலைத் தீப்பெட்டியையே தேடிப்பிடித்து வைத்திருந்தார்.

“அண்ணாச்சி, நம்மூரு பெட்டி. நீங்கதான் விளக்கேத்தணும்.”

உள்ளம் குளிர்ந்தவர் குச்சியை எடுத்தார். பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பற்றினார் மீனாட்சியம்மாள். கூடத்தில் தலைகள் திரும்பின. விளக்கேற்றப் போன கையைப் பெண்ணைப் பெற்றவளே தடுப்பதா? சம்மதமில்லையோ? மாப்பிள்ளையின் சிற்றப்பா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

“தப்பா நினைக்காதீங்க மதினி. இவிய மேல பூராவும் பெட்ரோலு. குச்சியக் கிழிச்சா விளக்குக்கு முந்தி இவியதான் எரிவாக.”

முத்துமாரியம்மாள் முகர்ந்தார், விலகினார். “அய்யய்யோ, வாரப்ப வண்டி மோதிட்டுதா?”

“இல்ல மதினி. ஏமாறாம வந்தாக.”

எழுந்த சிற்றப்பா சிரிக்கத் தொடங்கினார். கூடமும் உடன் சிரித்தது. சம்பந்தம் பிழைத்தது. தங்கப்பாண்டியனை மட்டும் மரியாதையாக முற்றத்து ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்த்தி வைத்தார்கள். சுருட்டுப் பிடிப்போர் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே மீனாட்சியம்மாள் விளக்கேற்றினார். தகப்பன் இருக்க வேண்டிய பலகையில் தாய்மாமன் சோலைராஜ் அமர்ந்து வெற்றிலை மாற்றினார். பெற்றவரோ சன்னல் கம்பியைப் பற்றி எம்பி, தட்டில் பழம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும், நிச்சயம் எப்படி நடந்தது என்று கேட்டவர்க்கெல்லாம் ஒரே விடை: “அங்கன பம்புக்காரன் ஒரு சொட்டு ஏமாத்தல. நான் விட்டாத்தான?” வெற்றிலை மாற்றியது யார் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

அன்பரே, இதை எழுதியவன் எங்கோ எதையோ குறைத்து அளந்துவிட்டான் என்று ஐயுற்று, மறுபடி முதல் வரியிலிருந்து படிக்கத் தோன்றுகிறதா? எதற்கும் உங்கள் சட்டையை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.