சுந்தரிக்கு ட்ரிப் ஏத்தின கதை

எனக்குக் கோர்வையாச் சொல்ல வராது. எட்டாம் கிளாஸோட நிறுத்தினவ. நடுவில ஏதாவது விட்டுப்போனா, எங்காத்துக்காரருக்குத்தான் வியாதின்னு நீங்களும் நினைச்சுடுவேளோன்னு பயமா இருக்கு. எங்க தெரு முழுக்க அப்படித்தான் நினைச்சுது.

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணு. பூனைக்கு ட்ரிப் ஏத்தணும்.

எங்க சுந்தரி கிழப்பூனை. கிட்னி பாதிக்கு மேல போயிடுத்து. சாப்பிடாம, எலும்பும் தோலுமா சுருண்டு கிடந்தது. "உடம்பில நீர் நிக்கணும் அம்மா. இல்லேன்னா கஷ்டம்தான்"னு மலையாளி டாக்டர் சொல்லி, சலைன் பையைக் கையில கொடுத்துட்டார். "கழுத்துக்குப் பின்னாடி தோலைத் தூக்கிப் பிடிச்சு ஊசியைச் சொருகினா போதும். பேடிக்க ஒண்ணுமில்லை."

பயப்படறதுதான் எனக்கு முழுநேர வேலைன்னு அவருக்குத் தெரியாது.

பையை உசரத்தில மாட்டணுமாம். தெருப்பக்கத்து ஜன்னல் திரையைக் கழட்டிட்டு, அந்தக் கம்பியில மாட்டினேன். என் புத்திசாலித்தனம் அத்தோட முடிஞ்சுது.

ஆத்துக்காரர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுந்தரியைத் துண்டில சுத்தி மடியில வெச்சுண்டார்.

"கண்ணை மூடறயே."

"மூடலை. நீங்கதான் ஆடறேள்."

கண்ணை மூடிண்டு சொருகினேன். ஊசி ஒரு பக்கம் போய், தோலுக்கு மறுபக்கம் வெளியில வந்து, அவர் தொடையைக் குத்திடுத்து. அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். நான் பூனை அசைஞ்சுதுன்னு நினைச்சு இன்னும் இறுக்கிப் பிடிச்சேன். சலைன் அவர் வேஷ்டியில இறங்கிண்டிருந்தது.

கண்ணைத் திறந்தா, ஜன்னல்ல எதிராத்து கோமதி மாமி.

"என்னடி ஆச்சு அவருக்கு?"

"அவருக்கில்லை மாமி, பூனைக்கு."

"பூனைக்கு யாராவது ட்ரிப் ஏத்துவாளா? என்கிட்ட என்ன மறைப்பு?" மாமி பார்வை நனைஞ்ச வேஷ்டிக்கு இறங்கித்து. குரலும் இறங்கித்து. "அடப்பாவமே, தெரியாமலே போயிடறதா?"

"எனக்கு ஒண்ணுமில்லை மாமி"ன்னார் இவர்.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவா."

மாமி தெருவுக்கே குரல் கொடுத்துட்டா. கொஞ்ச நேரத்தில கஞ்சி ஒரு தூக்குல வந்தது. யாரோ கோயில் பிரசாதம் கொண்டுவந்தா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாசல்ல ஆட்டோவும் வந்து நின்னுது. டிரைவர் உள்ளே வந்து, "மெல்லெ சாரே, மெல்லெ"ன்னு இவர் கக்கத்தில கை கொடுத்துத் தூக்கினார். துண்டு அவிழ்ந்து, சுந்தரி பீரோ மேல ஏறிடுத்து.

பையில பாதி காலி. பூனைக்குள்ள ஒரு சொட்டு போகலை. எனக்கு அழுகை வந்துடுத்து.

உள்ளே வந்திருந்த மாமி அண்ணாந்து பார்த்தா. "நிஜமாவே பூனைக்கா? இப்படி மெலிஞ்சு கிடக்கே."

ஸ்டூல் போட்டு மாமியே ஏறி இறக்கினா. கையில நாலு கீறல் வாங்கிண்டும் விடலை. இந்த வாட்டி கண்ணைத் திறந்துண்டு சொருகினேன். தோலுக்கடியில நீர் தேங்கி எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கித்து. சாயங்காலம் சுந்தரி தட்டை நக்கித்து.

இப்பல்லாம் பையை மாட்டறதுக்கு முன்னாடியே மாமியைக் கூப்பிட்டு, பூனையைப் பிடிச்சுக்கச் சொல்லிடறேன். ஜன்னல்ல நின்னு பார்க்க ஆள் இல்லை.