சூப்புக்குப் போன கடல் அட்டை

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் சுமித்ரா அம்மா அவர்களுக்கு,

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டிலிருந்து ராதிகாவின் அப்பா அர்த்தனாரி வணங்கி எழுதுவது. இங்கு நாங்களும் மிளகுக்கொடிகளும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலிக்கு நேற்று கூரியரில் அனுப்பிய முடவாட்டுக்கால் கிழங்கு இன்று வந்திருக்கும். வீட்டில் சமைக்கும் அம்மாவிடம் கொடுத்து சூப் வைக்கச் சொல்லுங்கள். குடித்துவிட்டுத் தெம்பாக மேலே படியுங்கள்.

ஆழ்கடலில் கிடைத்த ஒரே ஒரு கடல் அட்டையை, என்ன இனம் என்று கண்டுபிடிக்கச் சொல்லி என் மகளிடம் நம்பிக் கொடுத்தீர்கள். லீவுக்கு வந்தவள் அதன் தோலில் குண்டூசித் தலையளவு கிள்ளி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள். உள்ளே சின்னச் சின்னச் சக்கரமாக எலும்பு. அதை வைத்துத்தான் இனத்தைச் சொல்வார்களாம். இந்த மாதிரிச் சக்கரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, புது இனமாக இருக்கும் என்று அவள் குதித்த குதியில் எனக்கும் சந்தோஷம் தாங்காமல் ஊரையே வரிசையில் நிறுத்திக் காட்டினேன். பாவாயி, அதாவது என் மனைவி, "ஏனுங்க, இத்தூனூண்டு சக்கரத்துல அது எந்த ஊருக்குங்க போவும்?" என்றாள். மிச்ச உடம்பை ஸ்பிரிட் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தாள் ராதிகா. அதே தட்டில் பாவாயி கிழங்கையும் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். வந்தது வினை.

இன்று காலை காரவள்ளியிலிருந்து மச்சினன் முருகானந்தம் முட்டி வலியோடு வந்தான். பாவாயி பொட்டலத்தை எடுத்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டு சூப் வைத்தாள். "முட்டி இப்பவே லேசா இருக்குதுங்க மாமா, இன்னொரு டம்ளர் கெடைக்குங்களா?" என்றான். அப்போதுதான் ராதிகா ஃபிரிட்ஜைத் திறந்து, "என்னோட அட்டை எங்கப்பா?" என்றாள். முருகானந்தம் டம்ளரைக் கீழே வைத்தவன் இன்னும் தொடவில்லை. "நான் கெழங்கத்தானுங்க தோல் சீவிப் போட்டேன்" என்று பாவாயி சாதிக்கிறாள். கிழங்கைத்தான் நேற்றே உங்களுக்கு அனுப்பிவிட்டேனே, யார் நம்புவது? பிள்ளை அழுதுகொண்டே சட்டியின் அடிமண்டியில் சக்கரம் தேடுகிறாள். புளி பட்டால் அந்த எலும்பு கரைந்துவிடுமாம், நல்லவேளை ஊற்றவில்லை. தப்பெல்லாம் பாவாயியுடையது அம்மா. பிள்ளையை ஆராய்ச்சியிலிருந்து அனுப்பிவிடாதீர்கள்.

எங்கள் மலைச்சாமி அறப்பளீசுவரர் உங்கள் முழங்காலையும் கோபத்தையும் ஒன்றாகத் தணிக்கட்டும். தபால் தாமதமாகும் என்பதால் இதைப் படம் பிடித்து போனில் அனுப்பச் சொல்கிறேன்.

பணிவுடன்,
அர்த்தனாரி

பின்குறிப்பு: மண்டியில் சக்கரமே இல்லை, வெறும் நார். பாவாயி போட்டது கிழங்கேதான். ராதிகா சிரிக்கிறாள், முருகானந்தம் மறுபடி டம்ளரை எடுத்துவிட்டான், பாவாயி மட்டும் எனக்கு இன்னும் சோறு போடவில்லை. ஏனென்றால் நேற்று துணியைப் பிரித்துப் பார்க்காமல் உங்களுக்குப் பார்சல் கட்டியவன் நான். தயவுசெய்து அடுப்பை அணைக்கச் சொல்லுங்கள் அம்மா. குடித்தாகிவிட்டது என்றால், சட்டியை மட்டும் கழுவ விடாதீர்கள்.